சாமி மீட்டர்

நீ ஒரு பொய்யை நடுக்கோயிலில் நிறுத்திவைத்துவிட்டு விமானம் ஏறினாய். வாயைத் திறந்து நீ எதுவும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். சொல்லாமல் நின்றாயே, அதைத்தான் பொய் என்கிறேன். அன்றைக்கு அங்கே கூடியிருந்தவர்களில் நடந்தது என்னவென்று தெரிந்தவன் நீ ஒருவன்தான். தெரிந்தவன் சும்மா நின்றதால் தெரியாதவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அந்த முடிவு இன்னும் அதே இடத்தில் இருக்கிறது. நீதான் அங்கே இல்லை.

போனில் பேசிப் பார்த்தேன் கண்ணு. நான் செல்வி என்று ஆரம்பித்தால் நீ "அம்மா, அப்பாவுக்குச் சுகர் எப்படி இருக்குது?" என்கிறாய். எழுதி அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது. மறுநாள் பனி கொட்டிக் கிடக்கிற ஒரு தெருவைப் படமெடுத்து அனுப்புகிறாய். அழகான தெருதான். அதனால் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, ஊர்ப் பெயரையும் போடவில்லை. செல்வி என்று நான் எழுதுவதும் அவளுடைய நிஜப் பெயர் இல்லை. யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். உன்னைத் தூக்கி வளர்த்த கைகளில் ஒரு ஜோடி அவளுடையது.

அந்தப் பொருள் வந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். நீ ஜெர்மனிக்குக் கிளம்ப இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. சிங்காநல்லூர் வீட்டுக்குப் பார்சல் வந்தது. டிவி ரிமோட் மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி, தலைப்பக்கம் வரிசையாக ஐந்து சின்ன விளக்குகள், பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும். வெளிநாட்டில் பேய் இருக்கிற வீட்டைக் கண்டுபிடிக்க இதைத்தான் எடுத்துக்கொண்டு போவார்களாம், வீடியோவில் காட்டினாய். "பேய் இருந்தா எரியுதுன்னா, சாமி இருந்தாலும் எரியோணுமல்லம்மா" என்று சொல்லி அதன் முதுகில் வெள்ளை டேப்பை ஒட்டி, பேனாவால் 'சாமி மீட்டர்' என்று எழுதினாய். அப்புறம் உனக்கு அதே வேலை. தெருமுனைப் பிள்ளையார், பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற முனியப்பன், பக்கத்து வீட்டு அலமாரிச் சாமி என்று ஒவ்வொன்றின் முன்னாலும் நீட்டி வீடியோ எடுத்தாய். எரிந்தால் 'டியூட்டியில் இருக்கிறார்', எரியாவிட்டால் 'இன்று லீவு' என்று கீழே எழுதிப் போட்டாய். நானும் சிரித்தேன். சாமி கும்பிடுகிறவள்தான், ஆனால் சிரிக்கத் தெரியாதவள் இல்லை. உன் அப்பா ஒரு படி மேலே போய், வெட்கப்பட்டுக்கொண்டே அதை வாங்கிப் போய்த் தன் லேத் பட்டறையில் மாட்டியிருக்கிற முருகன் படத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். லேத் ஓடிக்கொண்டிருந்தது. கடைசிச் சிவப்பு வரைக்கும் எரிந்ததாம். அன்று முழுக்க மனிதர் விசிலடித்துக்கொண்டு திரிந்தார். அவரிடம் நீ ஒன்றும் சொல்லவில்லை. அது பரவாயில்லை, அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

செல்வியைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். முன்பே சொல்லியிருக்க வேண்டும். நீ ஆறாவது படிக்கும்போது டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது உனக்கு நினைவிருக்கும். ரத்தத்தில் அணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன, இன்று இரவு தாண்டட்டும் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். உறவுக்காரர்கள் போன் செய்தார்கள். ஷிப்டு முடிந்து, கையில் வார்னிஷ் வாசம் போகாமல், நேராக வந்து நின்றவள் செல்வி. அவளும் நானும் மோட்டார் கம்பெனியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவர்கள். அவள் பிறந்த ஊரும் உன் அப்பா ஊரும் ஒன்றுதான், காங்கேயம் பக்கம் அந்த ஊர்தான். விடுமுறைக்கு ஒரே பஸ்ஸில் ஒட்டி உட்கார்ந்து போவோம். இறங்கினதும் நான் ஊருக்குள் போவேன், அவள் வாய்க்காலைத் தாண்டிக் காலனிக்குப் போவாள். கம்பெனியில் அவள் டப்பாவில் நான் சாப்பிடுவேன், என் டப்பாவில் அவள் சாப்பிடுவாள். ஊரில் நம் அம்மன் கோயில் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியோடு அவள் நின்றுவிடுவாள். இதை நான் இத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் நம் அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். நீ நல்லபடியாக வீடு திரும்பினால் கோயிலுக்குள்ளே வந்து, தன் கையால் புதுப்பானையில் பொங்கல் வைப்பதாக வேண்டுதல். நீ பிழைத்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கின பிறகுதான் என்னிடம் சொன்னாள். "வெளிய மரத்தடியில வெக்கறேன்னு வேண்டியிருந்தா எப்பவோ வெச்சிருப்பேனுங்கக்கா. அன்னைக்கு இருந்த பயத்துல உள்ளன்னு வாயில வந்துபோச்சு. வந்ததை மாத்த முடியுமா?" நான் பார்க்கலாம் என்றேன். அடுத்த வருஷமும் பார்க்கலாம் என்றேன். அவள் நச்சரிக்கிறவள் இல்லை, அம்மன் நோன்புத் திருவிழா நெருங்கும்போது ஒரு தடவை முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். உயிரோடு நடமாடுகிற பிள்ளை எனக்கு. தீராத வேண்டுதல் அவளுக்கு. நீ வெளிநாடு போவது உறுதியான பிறகுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை கடல் தாண்டுவதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்று நினைத்துப் கோயில் பொறுப்பில் இருக்கிற உன் பெரியப்பாவிடம் கேட்கத் துணிந்தேன். அந்தத் துணிச்சலும் உன் நன்மைக்காக வந்ததுதானே தவிர, அவளுக்காக வந்ததில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ எப்படி நினைவு வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது இது. நோன்புக்கு நாள் குறித்துச் சாட்டுவதைப் பற்றிப் பேசப் பங்காளிகள் எல்லோரும் கோயிலில் கூடியிருந்தார்கள். மைக்செட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சீரியல் பல்பு கட்டியிருந்தார்கள். காலையிலேயே நீ உன் பெட்டியை எடுத்துக் கருவறைச் சுவரை ஒட்டிப் பிடித்தாய். சுவருக்குப் பின்பக்கம்தான் மைக்செட் பெட்டி இருந்தது, அது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. ஐந்து விளக்கும் எரிந்தன. "ஆத்தா சும்மா தகதகன்னு இருக்குதுங்க" என்று பூசாரி கற்பூரம் காட்டினார். கிழவர்கள் வரிசையில் வந்து பார்த்தார்கள். உன் பெரியப்பா உன் தோளில் கையைப் போட்டு, "என்ற தம்பி பையன். ஜெர்மனி போறானுங்க" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் சொன்னார். நீ விளையாட்டுக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூட்டம் நம்பும்போது அதைக் கலைப்பது கஷ்டம்தான். அதுவரைக்கும்கூட உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

நான் செல்வி வேண்டுதலைச் சொன்னேன். அவள் கேட்டுக்கு வெளியே, தலைக்குக் குளித்து, புதுப்பானையை மார்போடு சேர்த்துப் பிடித்து நின்றாள். பையில் புது அரிசி, வெல்லம். பெரியப்பா கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். முடியாது என்று சொன்னால் அது எந்தச் சட்டத்தில் வரும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் விவரம் தெரிந்த ஆள். "நான் ஆருங்க அம்மிணி சொல்றக்கு? சாமி கோயிலு. சாமிகிட்டயே கேட்டுப்போடலாம்" என்றார். நம் கோயில் வழக்கம் உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். எதற்கும் உத்தரவு கேட்பது கவுளியிடம்தான், பல்லியைத்தான் அப்படிச் சொல்வோம். பூசாரி கேள்வியைச் சொல்லிவிட்டு அமைதியாக இருப்பார். கருவறையின் வலது பக்கமிருந்து கவுளி சொன்னால் சரி. இடது பக்கம் சொன்னால் வேண்டாம். செல்வி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "ஆத்தா எனக்கு வேண்டாம்னு சொல்லாதுங்க" என்றாள் என்னிடம், கேட்டுக்கு வெளியிலிருந்து.

கவுளி சொல்வது காதில் விழ வேண்டுமானால் பாட்டை நிறுத்த வேண்டும். மைக்செட்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். "மெயினையே எறக்கிப்போடுங்க" என்று யாரோ சொல்ல, உன் அப்பாதான் எழுந்து போய் மெயின் சுவிட்சை இறக்கினார். பாட்டு பாதியில் நின்றது, ஃபேன் நின்றது, சீரியல் பல்புகள் செத்தன. இதை நன்றாக நினைவு வைத்துக்கொள். பட்டப்பகல், அதனால் பல்பு அணைந்ததை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பூசாரி கேட்டார். எல்லோரும் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தோம். வேப்ப இலை விழுகிற சத்தம்கூடக் கேட்டது. அப்போது கவுளி சொன்னது. வலது பக்கம், நிலைப்படிக்கு மேலே. நான் கேட்டேன். செல்வி கேட்டாள், பானையை அப்படியே கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நீயும் கேட்டாய், "வலது" என்று உன் உதடு அசைந்தது.

"எந்தப் பக்கமுங்க பூசாரி?" என்றார் பெரியப்பா.

பூசாரி பதில் சொல்வதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்தார். "வலதாட்டத்தானுங்க இருந்துச்சு. செவுத்துல முட்டித் திரும்பி வந்தாலும் வந்திருக்குமுங்க."

"எனக்கு எடப்பக்கமாட்டக் கேட்டுதுங்க" என்றார் ஒருவர். இன்னொருவர், "அட, கவுளிக்கு என்னத்தைங்க தெரியும். பூச்சி புடிக்கறக்கு உக்காந்திருக்கும்" என்றார். இதைச் சொன்னவர் யார் என்று உனக்குத் தெரியும். உன் அத்தைக்கு வந்த ஒரு நல்ல வரனை, பையனும் பெண்ணும் பேசிப் பிடித்துப்போன வரனை, கவுளி இடது பக்கம் சொல்லிவிட்டது என்று தட்டிக்கழித்தவர் அவர்தான். அன்றைக்குக் கவுளி சாமி. இன்றைக்கு அது பூச்சி பிடிக்கிற பல்லி. தலைமுறை தலைமுறையாக நம்பி வந்த ஒன்றை, அது செல்விக்குச் சாதகமாக ஒரு தடவை வாயைத் திறந்ததும் ஒரு நிமிஷத்தில் தூக்கிப் போட்டார்கள். நம் ஆட்களுக்குச் சாமிமேல் இருக்கிற பக்தி எவ்வளவு என்று அந்த ஒரு நிமிஷத்தில் நான் பார்த்துவிட்டேன். எந்த மெஷினும் தேவைப்படவில்லை.

அப்போதுதான் பெரியப்பா உன் பக்கம் திரும்பினார். "கண்ணு, உன்ற மெஷினை எடு. இன்ஜினியருக்குப் படிச்ச பையன் வெச்சிருக்கறது. அது பொய் சொல்லாது." கேட்டுப் பக்கம் பார்த்து, "ஏ செல்வி, ஒரு காலை உள்ள வெய்யி" என்றார். நம் ஊர்க்காரர்கள் ஆட்டுக்குட்டியைக் கூப்பிட்டாலும் 'ங்க' போடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். செல்விக்கு அவர் போடவில்லை. அவள் ஒரு காலை உள்ளே வைத்தாள். நீ ஒரு கையால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே, மறு கையால் பெட்டியைச் சுவரில் அதே இடத்தில் பிடித்தாய். ஒரு விளக்கும் எரியவில்லை.

"பாத்தீங்களா. காத்தால தகதகன்னு எரிஞ்சுது. இவ காலை வெச்சதும் ஒண்ணு கூட இல்லை. ஆத்தா எந்திரிச்சுப் போயிருச்சு. நான் சொல்லலைங்க, மெஷின் சொல்லுது."

நீ பெட்டியை ஒரு தடவை தட்டினாய். அப்புறம் தலையை உயர்த்தி, செத்துக் கிடந்த சீரியல் பல்புகளைப் பார்த்தாய். நான் பல்பைப் பார்க்கவில்லை கண்ணு, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு விளங்கிவிட்டது என்பது உன் முகத்தில் தெரிந்தது. சின்ன வயதில் கணக்கு விடை வந்துவிட்டால் உன் புருவம் ஒன்று ஏறுமே, அது ஏறியது. நீ சிரிப்பை அடக்கிக்கொண்டாய். பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். செல்வி காலை எடுத்துக்கொண்டாள். அடுத்தவர் வாசல் கோலத்தைத் தெரியாமல் மிதித்துவிட்டவள் மாதிரி எடுத்தாள். கூட்டம் எழுந்து வேட்டியைத் தட்டியது. உன் அப்பா போய் மெயினைத் தூக்கினார். விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடங்கியது. நீ இன்னும் அந்தச் சுவரில்தான் சாய்ந்திருந்தாய். உன் வெள்ளைச் சட்டைப் பைக்குள்ளிருந்து சிவப்பு தெரிந்தது. ஐந்து விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. நீ குனிந்து பார்த்தாய். அக்கம்பக்கம் பார்த்தாய். அப்புறம் கையை வைத்து மூடிக்கொண்டாய்.

அந்தக் கையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீயும் அப்பாவும் பெரியப்பா காரில் வந்தீர்கள். நான் செல்வியோடு பஸ்ஸில் வந்தேன். பானையை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஜன்னலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். பல்லடம் தாண்டிய பிறகுதான் பேசினாள். "அக்கா, நெசமாலுமே நான் காலை வெச்சதுக்குத்தான் போயிருச்சுங்களா?" அவள் பெரியப்பாவைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. அவரையெல்லாம் அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், அவர் வேண்டாம் என்றால் அது அவளுக்குப் புதிது இல்லை. ஆத்தா தனக்கு வேண்டாம் என்று சொல்லாது என்பதுதான் அவளிடம் இருந்த ஒன்று. அது போய்விட்டது. நான் என்ன சொல்ல? அப்போது எனக்கே புரியவில்லை. உன் பையில் சிவப்பு எரிந்ததைப் பார்த்தேன், அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் காயில் சுற்றுகிறேன், சுற்றத் தெரியும், உள்ளே என்ன ஓடுகிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதற்குத்தானே உன்னைப் படிக்க வைத்தோம்.

வீட்டுக்கு வந்து உன்னிடம் கேட்டேன். நீ என் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பெட்டியை ஃபிரிட்ஜின் பின்பக்கம் நீட்டினாய். ஐந்தும் எரிந்தன. மிக்ஸி ஓடவிட்டுக் காட்டினாய். எரிந்தன. "ஃபிரிட்ஜுக்குள்ள நெம்பப் பெரிய சாமி குடியிருக்குதும்மா" என்று சிரித்தாய். "கரண்டு ஓடற எடத்துல எரியும். அவ்வளவுதான். அப்பா மெயினை எறக்கிட்டாரு, அது செத்துப்போச்சு."

"அங்கயே சொல்லியிருக்கலாமல்ல?"

"யாருகிட்ட? பெரியப்பாகிட்டயா? ஊருக்குப் போற நேரத்துல எனக்கு எதுக்கும்மா அந்த வம்பு. நான் சொல்லியிருந்தாலும் வேற ஏதாச்சும் சொல்லி நிறுத்தியிருப்பாங்க."

நிறுத்தியிருப்பார்கள்தான். நீ சொன்னது சரி. கவுளி சொன்னதையே கேட்காதவர்கள் நீ சொன்னதையா கேட்கப்போகிறார்கள். ஆனால் அப்போது நிறுத்தியவர் பெரியப்பா என்று ஆகியிருக்கும். இப்போது நிறுத்தியது ஆத்தா என்று ஆகிவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று உனக்குப் புரியவில்லை, ஏனென்றால் உன்னை எந்தக் கேட்டுக்கு வெளியிலும் யாரும் நிறுத்தியதில்லை. மனிதன் போட்ட பூட்டை உடைக்கலாம், போலீஸுக்குப் போகலாம், கோர்ட்டுக்குப் போகலாம். சாமியே எழுந்து போய்விட்டது என்றால் அவள் எங்கே போய் மனுக் கொடுப்பாள்?

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அவளிடம் ஃபிரிட்ஜ் கதையை எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். "என்னைத் தேத்தறக்குச் சொல்றீங்க. அப்படி இருந்தா தம்பி சொல்லியிருக்கும்ல, படிச்ச புள்ளை" என்றாள். நீ சொல்லாமல் இருப்பாய் என்பதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. உன்மேல் அவளுக்கு இருக்கிற மரியாதை அது. நீ நல்ல பிள்ளை என்பதால் நான் பொய்க்காரி ஆகிவிட்டேன். அந்த வாரமே நீ வீடியோவைப் போட்டாய். வாசலில் வைத்த அவள் கொலுசுக் கால், அணைந்த உன் பெட்டி, பெரியப்பாவின் குரல், பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம். 'சாமி எஸ்கேப்' என்று எழுதியிருந்தாய். பெரியப்பாவைக் கிண்டல் செய்யத்தான் போட்டதாகச் சொன்னாய். பார்த்தவர்கள் யாருக்கும் அப்படித் தெரியவில்லை. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தன் போனில் வந்ததைச் செல்வியிடமே காட்டி, "இதப் பாருங்கக்கா, செம காமெடி" என்றாள். அந்தக் கொலுசை அந்தப் பெண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை. செல்வி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சூப்பர்வைசரிடம் போய் வேறு ஷிப்டு கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது அவள் வெளியே வரும்போது நான் உள்ளே போகிறேன். கம்பெனி கேட்டில் பார்த்தால் "சாப்டீங்களாக்கா?" என்கிறாள். பதிலுக்கு நிற்பதில்லை.

நான் பெரியப்பாவிடமும் போனேன். உன் அப்பா, "சொந்தத்துக்குள்ள எதுக்கு, உடு" என்றார். விடாமல் போனேன். "ஏனுங்க மாமா, அது கரண்டு ஓடினாத்தான் எரியுமுங்க. மெயினை நம்மதானுங்க எறக்கினோம்" என்றேன். அவர் காப்பி கொடுக்கச் சொல்லி, நான் குடித்து முடிக்கிறவரை காத்திருந்தார். "அம்மிணி, உங்களுக்கும் எனக்கும் என்னங்க தெரியும்? இன்ஜினியரு நம்ம பையன். அவன் வாயில வரட்டும், நான் கேட்டுக்கறேன்" என்றார். உன் வாயில் வராது என்பது அவருக்குத் தெரியும். நீ கிளம்பும்போது அந்தப் பெட்டியை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனாயே, அது இப்போது கோயில் அலமாரியில் இருக்கிறது. சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருக்கிறார்கள். 'சாமி மீட்டர்' என்ற உன் கையெழுத்தின்மேல் பூ சுற்றியிருக்கிறது. போர்வெல் போடும் இடம் பார்க்கக்கூட யாரோ வந்து கேட்டார்களாம். காலனியில் மறுபடி யாராவது கோயிலுக்குள் வருவதைப் பற்றிப் பேசினால், "நாங்க ஆருங்க தடுக்கறக்கு? மெஷின்ல பாத்தாச்சு" என்கிறார்கள். நீ சிரிப்புக்கு வாங்கிய பொம்மை அந்த ஊரில் இப்போது ஒரு பெரிய மனுஷன்.

உன்னைத் திட்டிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. நீ ஒன்றாவதோ இரண்டாவதோ படித்துக்கொண்டிருந்தாய். பெரியப்பா வீட்டு விசேஷத்துக்குச் செல்வியையும் கூட்டிப் போயிருந்தேன். எல்லோருக்கும் சில்வர் டம்ளரில் காப்பி வந்தது. அவளுக்கு மட்டும் பேப்பர் கப்பில் வந்தது. நீ நடு ஹாலில் நின்று, "ஏம்மா செல்வி அத்தைக்கு மட்டும் டம்ளர் இல்லை?" என்று சத்தமாகக் கேட்டாய். நான் உன் தொடையில் நகம் பதியக் கிள்ளினேன். நீ அழவில்லை, ஆச்சரியமாக என்னைப் பார்த்தாய். செல்வி, "எனக்கு இதுதாங் கண்ணு சூடு தாங்கும்" என்று சொல்லி உன்னைத் தூக்கிக்கொண்டாள். அதற்கப்புறம் நீ அப்படி எதையும் கேட்டதில்லை. நல்ல பிள்ளை, அனாவசியமாகப் பேசாது, யார் வம்புக்கும் போகாது என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். அந்தக் கோயிலில் சட்டைப் பையை மூடிய கை உன்னுடையதுதான். அதற்குப் பழக்கியவள் நான். இதைச் சொல்லிவிட்டால் உன் பங்கு குறையும் என்று நினைத்துக்கொள்ளாதே. நான் கிள்ளியது நீ குழந்தையாக இருந்தபோது. இப்போது உனக்கு மீசை இருக்கிறது.

சாமி இருக்கிறதா இல்லையா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. நீ பிழைத்த அன்று இருக்கிறது என்று நினைத்தேன். செல்வி காலை எடுத்த அன்று இல்லை என்று நினைத்தேன். இரண்டு நாளும் நான் ஒரே விளக்கைத்தான் ஏற்றிக் கும்பிட்டேன். நீ இல்லை என்கிறாய், இருந்துவிட்டுப் போ. ஆனால் சாமி இல்லை என்று சொல்கிறவனுக்குத்தான் கண்ணு பொறுப்பு அதிகம். இருக்கிறது என்பவன் தப்பு நடந்தால் சாமி பார்த்துக்கொள்ளும் என்று வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். இல்லை என்பவனுக்கு அந்த வசதி கிடையாது. அங்கே வேறு யாரும் இல்லை, நீதான் இருந்தாய். நீ அந்தச் சாமியை நம்பாமலே அதன் பெயரால் ஒரு வாசலை அடைத்தாய். பெரியப்பாவாவது நம்பி அடைக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஊரில் உன்னையும் ஏதாவது ஒரு கதவில் நிறுத்துவார்கள். நிறம் பார்த்தோ, நீ பேசுகிற பேச்சைக் கேட்டோ, வாடகை வீடு இல்லை என்பார்கள். அப்போது பக்கத்தில் உண்மை தெரிந்த ஒருவன் நிற்பான். அவனுக்கும் ஊருக்குப் போகிற அவசரம் இருக்கும், அவனும் சட்டைப் பையை மூடிக்கொண்டு நிற்பான். உனக்கு அப்படி நடக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ள நான் இருக்கிறேன். எனக்குத் தெரிந்து, உனக்காக அப்படி வேண்டிக்கொண்ட இன்னொருத்தியும் இருந்தாள்.

அவள் பானை இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "நீங்களே வெச்சுக்குங்கக்கா, நான் பாக்கறப்பெல்லாம் அழுகை வரும்" என்று கொடுத்துவிட்டுப் போனாள். புதுப்பானை, நெருப்பையே பார்த்ததில்லை. அடுத்த நோன்புக்கு அதைத் தூக்கிக்கொண்டு அவளோடு அந்தக் கேட்டில் போய் நிற்கப்போகிறேன். உன் அப்பா வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. தடுத்தால் தடுக்கட்டும், தடுத்தவர் பெயரோடு நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன். அந்த வேலையை உன்னிடம் கேட்கவில்லை. பெரியப்பாவோடு சண்டை போடச் சொல்லவில்லை. விமானம் ஏறி வரச் சொல்லவில்லை. ஆனால் நான் எத்தனை தடவை கூப்பிட்டாலும் செல்வி வரமாட்டேன் என்கிறாள். "நான் வந்தா ஆத்தா மறுக்காப் போயிருமுங்கக்கா, நோன்பு நேரத்துல ஊருக்கு ஆகாது" என்கிறாள். ஊருக்கு ஆகாதாம். அந்த ஊருக்காக அவள் கவலைப்படுகிறாள்.

உன் போனில் அவள் நம்பர் இருக்கிறது. செல்வி அத்தை என்று நீயே போட்டு வைத்த பெயர். காலை ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பாள். பல தடவை கேட்டுவிட்டேன், இது கடைசி இல்லை, நீ செய்கிறவரை கேட்பேன். அவளைக் கூப்பிடு. ஆத்தா எங்கேயும் போகவில்லை, கரண்ட்தான் போனது என்று உன் வாயால் சொல்.